சரித்திர டீச்சரைக் கேளுங்கள்: மருமகளாக வளர்ந்தவள் மனைவியானாள்

போன இதழில் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளைப் பற்றி எழுதியபோது, "மன்னரின் உயிர் நண்பர் சார்ல்ஸ் பிராண்டன், மகனுக்குப் பேசி வைத்த பெண்ணைத் தாமே கட்டிக்கொண்டார்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆறு ராணிகளையும் விட்டுவிட்டு அந்தப் பெண்ணையே கேட்கிறீர்கள். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வகுப்பில் நின்று பாடம் நடத்திய காலத்திலேயே இவளைப் பற்றிப் பேச ஆசைப்பட்டேன். பாடத்திட்டத்தில் இடம் இல்லை. இந்த மாதப் பக்கம் முழுவதும் கேத்தரின் வில்லோபிக்கு.

டீச்சர், மகனுக்கு நிச்சயித்த பெண்ணை அப்பா எப்படிக் கட்டிக்கொள்ள முடியும்? ஊர் கேட்காதா? அந்தப் பெண்ணின் அம்மா எங்கே போனார்?
— வாசகி, பட்டர்வொர்த்

சகோதரி, ஊர் பேசத்தான் செய்தது. ஆனால் சட்டம் பிராண்டன் பக்கம் இருந்தது. அம்மாவைப் பற்றிக் கேட்டீர்களே, அவரைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். கடைசியில் அவரிடம் வருகிறேன்.

கேத்தரின் 1519 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்தில் பார்ஹாம் என்ற ஊரில் பிறந்தாள். அப்பா வில்லியம் வில்லோபி, பதினோராவது வில்லோபி டி எரெஸ்பி பிரபு. லிங்கன்ஷர் பக்கம் ஏராளமான நிலம். அம்மா மரியா டி சலினாஸ், ஸ்பெயின் நாட்டுக்காரர். ஹென்றியின் முதல் மனைவியான அரகோன் கேத்தரின் அரசியின் நெருங்கிய தோழி. 1526 அக்டோபரில் அப்பா இறந்துபோனார். ஆண்பிள்ளை இல்லை. ஏழு வயதுப் பெண் பட்டத்துக்கும் சொத்துக்கும் வாரிசானாள். சித்தப்பா கிறிஸ்டோஃபர் வில்லோபி சும்மா இருப்பாரா? ஆண்வழிக்குச் சேரவேண்டிய நிலம் என்று சொல்லி வழக்குக்கு வந்துவிட்டார். கணவரை இழந்த மரியா, வேற்று நாட்டில், அந்த மைத்துனரோடு வருடக்கணக்கில் போராடினார்.

இங்கேதான் அன்றைய சட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மன்னருக்குப் போர்ச்சேவை செய்யும் கடமையோடு நிலம் வைத்திருந்தவர், வயது வராத வாரிசை விட்டு இறந்தால், அந்தப் பிள்ளை மன்னரின் பொறுப்புக்குப் போய்விடும். நிலத்தின் வருமானத்தை அனுபவிக்கும் உரிமை, பிள்ளையை வைத்து வளர்க்கும் உரிமை, எல்லாவற்றுக்கும் மேலாக யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை, இவற்றை மன்னர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்கலாம். பெற்ற தாய் உயிரோடு கண்முன்னே இருந்தாலும் சரி. இதற்கென்றே 1540-இல் தனி நீதிமன்றம் ஏற்படுத்தினார்கள். 1660 வரை இந்த வழக்கம் சட்டமாகவே நீடித்தது.

கேத்தரினின் உரிமையை விலை பேசி வாங்கியவர் சார்ல்ஸ் பிராண்டன், சஃபோக் டியூக். டியூக் என்பது பிரபுக்களில் மிக உயர்ந்த பட்டம்; டியூக்கின் மனைவி டச்சஸ். அவருடைய மனைவி மேரி டியூடர், மன்னரின் சொந்தத் தங்கை. அதற்குமுன் பிரான்ஸ் மன்னர் பன்னிரண்டாம் லூயிக்கு வாழ்க்கைப்பட்டு விதவையானவர். இவர்களுடைய மகன் ஹென்றி, லிங்கன் பிரபு. அவனுக்குத்தான் கேத்தரின் என்று ஏற்பாடு. வெஸ்ட்தார்ப் மாளிகையில், வரப்போகிற மாமியாரின் கண்ணெதிரே, வரப்போகிற நாத்தனார்களோடு சேர்ந்து வளர்ந்தாள்.

1533 ஜூன் 25-இல் மேரி இறந்தார். அவரோடு பிரான்சிலிருந்து வந்துகொண்டிருந்த விதவைப் பங்கும் நின்றது. பிராண்டனுக்கு அரண்மனைக் கருவூலத்தில் பழைய கடன் வேறு. மன்னரைக் கேட்காமல் மேரியைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காக 1515-இல் விதித்த தண்டம் மட்டும் 24,000 பவுண்டு. கையில் இருந்த பெரிய சொத்து, வீட்டில் வளர்ந்துகொண்டிருந்த அந்தப் பெண். மகனுக்கோ பத்து வயதுதான். ஆண்பிள்ளைக்குத் திருமண வயது 14. பெண்ணுக்கு 12. கேத்தரினுக்கு 14 ஆகியிருந்தது. காத்திருந்தால் நான்கு ஆண்டு. அதற்குள் பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் சொத்து கைநழுவிப் போகும். 1533 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, ஏறக்குறைய 49 வயதான பிராண்டன் 14 வயது கேத்தரினை மணந்தார். மனைவி இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதே நாளில் கிரீனிச் அரண்மனையில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. பிற்காலத்து முதலாம் எலிசபெத்.

பிராண்டனுக்கு இது முதல் முறையும் அல்ல. 1513-இல் எலிசபெத் கிரே என்ற எட்டு வயதுப் பெண்ணின் உரிமையை வாங்கி, அவளையே கட்டிக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டு, அவளுடைய லைல் பட்டத்தைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். அந்தப் பிள்ளை பிறகு மறுத்துவிட்டாள். அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஸ்பெயின் தூதர் சாப்புய் திருமணத்துக்குச் சில நாள் முன்பே தம் மன்னருக்கு எழுதிவிட்டார்: மகனுக்கு நிச்சயித்த பெண்ணை டியூக் கட்டப்போகிறார், கணவர் இறந்த கையோடு மறுமணம் செய்யும் பெண்களைப் பழிக்கிறார்களே, இனி அந்தப் பெண்கள் இவரைச் சுட்டிக்காட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்று. ஊர் பேச்சு அவ்வளவில் நின்றது. அடுத்த மார்ச் மாதம் அந்தச் சிறுவன் ஹென்றி இறந்துபோனான். காதல் தோல்வியால் மனம் உடைந்து செத்தான் என்று கதை கட்டுகிறவர்கள் உண்டு. பத்துப் பதினோரு வயதுக் குழந்தையின் சாவைக் காதல் கதையாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி அம்மா. மன்னர் முதல் மனைவியைத் தள்ளிவைத்து, கிம்போல்ட்டன் கோட்டையில் அடைத்து, யாரும் பார்க்கக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். ராணி சாகக் கிடக்கிறார் என்று தெரிந்ததும் மரியா அனுமதி கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. 1536 புத்தாண்டு இரவில் குதிரையேறிப் போய்க் கோட்டை வாசலில் நின்றார். வழியில் குதிரையிலிருந்து விழுந்துவிட்டேன், அனுமதிக் கடிதம் பின்னால் வருகிறது, முதலில் நெருப்பருகே உட்கார விடுங்கள் என்றார். உள்ளே போனவர் ராணியின் அறைக்குள் நுழைந்தார். காவலர்களால் அவரை வெளியே கொண்டுவர முடியவில்லை. ஜனவரி 7-இல் ராணியின் உயிர் பிரிந்தது. பீட்டர்பரோவில் நடந்த இறுதிச் சடங்கில் துக்கம் காத்தவர்களில் 16 வயது கேத்தரினும் ஒருத்தி. மகளின் திருமணத்தில் சட்டம் கட்டிப்போட்ட தாய், தோழியின் மரணப் படுக்கைக்கு எந்தச் சட்டத்தையும் கேட்காமல் போனார். இந்தத் தாயின் ரத்தம்தான் பின்னால் கேத்தரினிடம் பேசியது என்று நான் நம்புகிறேன்.

ஆயர் ஈத்தாமில் உள்ள நம் சஃபோக் ஹவுஸ், இந்த சஃபோக் டச்சஸ் பெயரில் கட்டியதா?
— வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

இல்லை ஐயா. பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஏற்ற பிரான்சிஸ் லைட் சஃபோக் வட்டாரத்துக்காரர். அங்கே டலிங்ஹூ என்ற கிராமத்தில் 1740-இல் ஞானஸ்நானம் பெற்றவர், உட்பிரிட்ஜ் ஊர்ப் பள்ளியில் படித்தவர். ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் போட்ட மிளகுத் தோட்டத்துக்குச் சொந்த வட்டாரத்தின் பெயரை வைத்தார். இப்போது புதுப்பித்து நிற்கிற மாளிகை அவர் 1794-இல் இறந்தபிறகு எழுந்தது. ஆனால் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், கேத்தரின் பிறந்த பார்ஹாமும் லைட் படித்த உட்பிரிட்ஜும் ஒன்றுக்கொன்று பக்கத்து ஊர்கள்தான்.

மன்னர் ஹென்றி இவரை ஏழாவது மனைவியாக்க நினைத்தாராமே?
— வாசகி, ஜெலுத்தோங்

வதந்தி உண்மையாகவே இருந்தது. பிராண்டன் 1545 ஆகஸ்ட் 22-இல் இறந்தார். கேத்தரினுக்கு அப்போது 26 வயது. சில மாதம் கழித்து, 1546 பிப்ரவரியில், தூதர் வான் டெர் டெல்ஃப்ட் எழுதிய கடிதத்தில், புதிய ராணி வரப்போவதாகப் பேச்சு, சஃபோக் சீமாட்டியின் பெயர் அடிபடுகிறது, மன்னரின் ஆறாவது மனைவி கேத்தரின் பார் அரசி அதனால் வருத்தமாயிருக்கிறார் என்று இருக்கிறது. மன்னர் அரசியிடம் நடந்துகொள்வதில் மாற்றம் எதுவும் தெரியவில்லை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார். வதந்தி எதுவாயினும் அரசியும் நம் கேத்தரினும் தோழிகளாகவே இருந்தார்கள். அரசி எழுதிய பக்தி நூல் 1547-இல் அச்சேற உதவியவர்களில் இவரும் ஒருவர்.

ஒன்பது நாள் ராணி ஜேன் கிரே இவருக்குப் பேத்தி என்று படித்தேன். வயதுக் கணக்கு இடிக்கிறதே டீச்சர்?
— கல்லூரி மாணவர், ஜார்ஜ்டவுன்

இடிக்கத்தான் செய்யும் தம்பி. மேரி டியூடருக்கும் பிராண்டனுக்கும் பிறந்த மூத்த மகள் பிரான்சஸ், 1517 ஜூலையில் பிறந்தவர். அவருக்குச் சிற்றன்னையாக வந்த கேத்தரின் 1519-இல் பிறந்தவர். அதாவது மகளைவிடத் தாய் ஏறக்குறைய இரண்டு வயது இளையவர். அந்த பிரான்சஸின் மகள்தான் ஜேன் கிரே. ஆகவே கேத்தரின் ஜேனுக்கு இரத்த உறவில்லாத பாட்டி. 18 வயது வாக்கிலேயே பாட்டி முறை வந்துவிட்டது.

உறவு வெறும் பெயருக்கு இருக்கவில்லை. ஜேனின் கடைசித் தங்கை மேரி கிரே, எலிசபெத் அரசியைக் கேட்காமல் தாமஸ் கீஸ் என்ற அரண்மனைக் காவல் அதிகாரியை மணந்து சிறைப்பட்டபோது, 1567-இல் அவளைக் கொண்டுவந்து விட்டது இந்தப் பாட்டியின் வீட்டில்தான். படுக்கை விரிப்புகூடச் சரியாக இல்லாமல் வந்த அந்தப் பெண் சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாள் என்று கேத்தரின் அமைச்சர் வில்லியம் செசிலுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அவளுக்கு வேண்டிய சாமான்களை யாரிடமாவது கேட்டு வாங்கி அனுப்பச் சொல்லி உரிமையோடு எழுதியிருக்கிறார்.

தாயில்லாத ஒரு கைக்குழந்தையை வளர்க்கப் பணம் கேட்டுத் தொந்தரவு செய்தவராமே! அப்படிப்பட்டவரை ஏன் புகழ்கிறீர்கள்?
— வாசகி, கிள்ளான்

கேத்தரின் பார் அரசியின் மகள் மேரி சீமோரைச் சொல்கிறீர்கள். 1548 ஆகஸ்ட் 30-இல் பிறந்தாள். ஆறு நாளில் தாய் இறந்தார். அப்பா தாமஸ் சீமோரின் தலை 1549 மார்ச்சில் துண்டிக்கப்பட்டது. குழந்தையை கேத்தரினிடம் கொடுத்தார்கள். ராணியின் குழந்தை என்பதால் செவிலியர், பணிப்பெண்கள் என்று ஒரு கூட்டமே உடன் வந்தது. அவர்களுக்குக் கொடுப்பதாகச் சொன்ன தொகை வரவில்லை. கேத்தரின் செசிலுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். அந்தக் கடிதங்களில் குழந்தையிடம் கனிவு தெரியவில்லை. செலவு தெரிகிறது, எரிச்சல் தெரிகிறது. படிக்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, சகோதரி. உயிர்த் தோழியின் பிள்ளை. 1550-க்குப் பிறகு அந்தக் குழந்தையின் பெயரே எந்தப் பதிவிலும் இல்லை. இதை மறைத்துவிட்டு கேத்தரினை நான் புகழமாட்டேன். அதே சமயம், அடுத்த கேள்விக்கு நான் எழுதும் பதிலையும் படியுங்கள்.

சின்ன வயதிலேயே விலை பேசப்பட்ட பெண். பெரியவளான பிறகு அந்த வழக்கத்தைப் பற்றி ஏதாவது சொன்னாரா?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

சொன்னார் அம்மா. இந்தக் கேள்வி வரவேண்டும் என்று நான் காத்திருந்தேன்.

1550 மே மாதம். கேத்தரினுக்கும் பிராண்டனுக்கும் பிறந்த மூத்த மகன் ஹென்றி பிராண்டன், இரண்டாவது சஃபோக் டியூக், 14 வயதுப் பிள்ளை. நாட்டின் முன்னாள் பாதுகாவலர் சாமர்செட் டியூக்கின் மகளுக்கும் இவனுக்கும் சம்பந்தம் பேசலாம் என்று ஒரு பேச்சு. இரண்டு குடும்பமும் நெருக்கம். சமயக் கொள்கையும் ஒன்றே. சாமர்செட் பதவியிழந்து நொந்திருந்த நேரம். இந்தச் சம்பந்தம் அவரோடு நட்பு மாறவில்லை என்று ஊருக்குக் காட்டும். நம் குடும்பங்களில் இப்படி ஒரு சம்பந்தம் அமைந்தால் அன்றைக்கே தட்டு மாற்றிவிடுவார்கள்.

கேத்தரின் மறுத்தார். செசிலுக்கு எழுதிய அந்தக் கடிதத்தின் சாரம் இது: எங்கள் நட்பு ஏற்கெனவே சோதித்துப் பார்த்த நட்பு, அதற்குப் பிள்ளைகளைப் பிணையாகக் கட்ட வேண்டியதில்லை. அந்தப் பெண்ணைவிட எனக்குப் பிடித்த மருமகள் யாரும் இல்லை. ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக, ஒருவேளை அவளுக்கே பிடிக்காமல் போகக்கூடிய ஒருவனை அவள் கட்டாயத்தின் பேரில் கட்டிக்கொள்வதை நான் விரும்பவில்லை. சம்மதம் சொல்லும் அறிவு இன்னும் வராத பிள்ளைகளை நம் உத்தரவின் பேரில் மணமுடித்து, வாழ்நாள் முழுக்க யாரோடு இருக்கவேண்டுமோ அவரைத் தாமே தேர்ந்தெடுக்க முடியாத நிலைக்குத் தள்ளுவதைவிடப் பெரிய கொடுமையை நாம் ஒருவருக்கொருவர் செய்ய முடியாது.

மகனுக்கு மட்டும் சொல்லவில்லை, பாருங்கள். அந்தப் பெண்ணுக்காகவும்தான் சொல்கிறேன் என்று அதே கடிதத்தில் எழுதுகிறார். மகனின் அன்றைய வயதைப் பாருங்கள், 14. தாம் பிராண்டனுக்கு மனைவியான அதே வயது.

இந்தக் கடிதத்தை முதல்முறை படித்த நாளிலிருந்து என் பழைய மாணவிகள் சிலரின் முகம் மனத்தைவிட்டுப் போவதில்லை. எழுபதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த காலம். மூன்றாம் படிவம் முடிந்து பள்ளி திறக்கும்போது ஓரிரு பெயருக்கு யாரும் "வந்திருக்கிறேன், டீச்சர்" என்று சொல்லமாட்டார்கள். "கல்யாணம் ஆயிடுச்சி டீச்சர்" என்று பக்கத்து மேசைப் பிள்ளை சொல்லும். மாப்பிள்ளைக்குத் தோட்டத்தில் நிரந்தர வேலை, தெரிந்த குடும்பம், வேறென்ன வேண்டும் என்பார்கள் பெற்றோர்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத நல்ல மனிதர்கள். நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதாருக்கான திருமணச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1-இல்தான் அமலுக்கு வந்தது. 18 வயது என்ற வரம்பு அதோடுதான் வந்தது; இன்றும் 16 நிறைந்த பெண்ணுக்கு முதலமைச்சர் சிறப்பு உரிமம் தரலாம் என்ற விலக்கு அதில் இருக்கிறது. அந்தச் சட்டம் அமலுக்கு வருவதற்கு 430 ஆண்டுக்கு முந்திய ஒரு தாய் எந்தச் சட்டமும் கேட்காமல் தாமாகவே இதை உணர்ந்து எழுதினார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

இரண்டு மகன்களும் ஒரே நாளில் இறந்தார்கள் என்பது உண்மையா?
— வாசகர், கெப்போங்

உண்மை. 1551 ஜூலை 14. 'வியர்வை நோய்' என்று ஒரு கொள்ளைநோய் இங்கிலாந்தை 1485 தொடங்கிச் சில முறை தாக்கியது. திடீரென்று நடுக்கம், தலைவலி, உடல் முழுக்க வியர்வை. காலையில் நன்றாயிருந்தவர் மாலைக்குள் போய்விடுவார். என்ன கிருமி என்று மருத்துவம் இன்றுவரை உறுதி செய்யவில்லை. 1551-இல் வந்ததே கடைசி அலை. கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நோய்க்குப் பயந்து பக்டன் என்ற ஊரில் ஆயரின் மாளிகைக்குப் போனார்கள். நோய் அங்கேயும் வந்தது. ஹென்றி முதலில் இறந்தான், வயது 15. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, தம்பி சார்ல்ஸும் போய்விட்டான். அந்த இடைவெளியில் அவன் மூன்றாவது சஃபோக் டியூக். அவனோடு பிராண்டன் வம்சத்தின் பட்டம் அற்றுப்போனது. சில மாதத்தில் அது பிரான்சஸின் கணவர், ஜேன் கிரேயின் அப்பா, ஹென்றி கிரேக்குப் போனது.

32 வயதுத் தாய். இதற்குமேல் எழுத என்னால் முடியவில்லை.

டச்சஸாக இருந்தவர் வேலைக்காரரைக் கட்டிக்கொண்டார் என்கிறார்களே? நாட்டை விட்டு ஓடியது அதனாலா?
— வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

இரண்டும் வேறு வேறு காரணம். முதலில் மாப்பிள்ளையைப் பற்றி. ரிச்சர்ட் பெர்ட்டி கேத்தரினின் வீட்டில் முக்கிய நிர்வாகி. அப்பா தலைமைக் கொத்தனார். மகன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், பல மொழி தெரிந்தவர், சமயக் கொள்கையில் கேத்தரினைப் போலவே உறுதியானவர். மகன்களை இழந்து சுமார் ஒன்றரை ஆண்டில் இவரை மணந்தார். அந்தஸ்து குறைந்தவர் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் இப்படிச் செய்த பெரிய வீட்டு விதவை இவர் ஒருவர் மட்டுமல்ல. பிரான்சஸ், கணவரும் மகள் ஜேனும் 1554 பிப்ரவரியில் தலை வெட்டுண்டு இறந்தபிறகு, தம் குதிரைப் பொறுப்பாளர் ஏட்ரியன் ஸ்டோக்ஸை மணந்தார். சாமர்செட் டச்சஸும் தம் குடும்பத்து நிர்வாகி பிரான்சிஸ் நியூடிகேட்டை மணந்தார். மணமான பெண்ணின் சொத்து கணவன் கைக்குப் போய்விடும் என்பது சட்டம். ஆகவே பெரிய இடத்து மாப்பிள்ளை வேண்டாம், பல ஆண்டு கூடவே இருந்து கணக்கு வழக்கைச் சுத்தமாகப் பார்த்த, குணம் தெரிந்த மனிதர் போதும் என்று இந்தப் பெண்கள் முடிவு செய்ததில் நல்ல புத்தி இருந்தது என்பேன். அதோடு, மகனுக்கு எதை வேண்டும் என்று எழுதினாரோ அதையே கேத்தரின் தமக்கும் எடுத்துக்கொண்டார். அவராகத் தேர்ந்தெடுத்த முதல் ஆண் பெர்ட்டிதான்.

ஓடியது சமயத்தால். கேத்தரின் சீர்திருத்தக் கிறிஸ்தவர். 1553-இல் கத்தோலிக்கரான மேரி அரசி பட்டத்துக்கு வந்தார். வின்செஸ்டர் ஆயர் ஸ்டீஃபன் கார்டினர் தலைமை அமைச்சரானார். இந்தக் கார்டினரோடு கேத்தரினுக்குப் பழைய பகை. தம் நாய்க்கு கார்டினர் என்று பெயர் வைத்து ஊரறியக் கூப்பிட்டவர் அவர்! ஆயர் சிறையில் இருந்த காலத்தில் அவரைச் சன்னலில் பார்த்து, ஓநாய் அடைபட்டிருப்பதால் ஆட்டுக்குட்டிகளுக்கு நிம்மதி என்றும் சொன்னாராம். இப்போது அதிகாரம் அவர் கையில். பெர்ட்டியை வரவழைத்து விசாரித்தார். பழைய கடன் வசூல் என்று காரணம் சொல்லி பெர்ட்டி முதலில் கடல்கடந்து போய் இடம் பார்த்தார்.

1555 ஜனவரி 1, விடியுமுன் நான்கு ஐந்து மணி. லண்டன் பார்பிக்கன் பகுதி வீட்டிலிருந்து கேத்தரின் கிளம்பினார். கையில் ஒரு வயதுகூட நிரம்பாத மகள் சூசன். துணைக்கு ஒரு சில வேலைக்காரர்கள்: கிரேக்க தேசத்துக் குதிரைக்காரர், தச்சர், மது காய்ச்சுபவர், சமையலறை ஆள், ஒரு பணிப்பெண், துணி வெளுக்கும் பெண். அந்தக் காலத்தில் ஜான் ஃபாக்ஸ் பதிவு செய்த விவரம் இது. சத்தம் கேட்டு வீட்டுக் காவலர் தீப்பந்தத்தோடு வெளியே வந்துவிட்டார். குழந்தையின் துணி மூட்டையையும் பால் பாத்திரத்தையும் வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினார்கள். தேம்ஸ் நதியில் மூடுபனி. படகுக்காரர் தயங்க, வற்புறுத்தித்தான் கிளப்பினார்கள். கடலில் காற்று இரண்டு முறை கப்பலைத் திருப்பி அனுப்பியது.

ஜெர்மானிய மண்ணில் வேசல் நகரத்துக்கு மழையில் நடந்தே போய்ச் சேர்ந்தார்கள். யாரும் தங்க இடம் தரவில்லை. தேவாலய முகப்பில் ஒதுங்கிய இடத்தில் பெர்ட்டிக்குத் தெரிந்த பாதிரியார் பெருசெல்லின் உதவி கிடைத்தது. 1555 அக்டோபர் 12-இல் அதே ஊரில் மகன் பிறந்தான். பிறந்த இடம் அன்னிய மண் என்பதால், லத்தீனில் அன்னியன் என்று பொருள்படும் பெரிகிரின் என்ற பெயரை வைத்தார்கள். பிறகு வைன்ஹைம், அங்கும் பணம் தீர்ந்தது. போலந்து மன்னர் இரண்டாம் சிகிஸ்முண்ட் இவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, லித்துவேனியாவில் கிராஜியாய் பகுதியின் நிர்வாகத்தையே பெர்ட்டியிடம் ஒப்படைத்தார். எலிசபெத் பட்டத்துக்கு வந்தபிறகு, 1559-இல் குடும்பம் நாடு திரும்பியது.

பிள்ளைகள் தாமே துணை தேடட்டும் என்று எழுதியவர், கடைசியில் சொந்த மகனின் காதலுக்கே தடை சொன்னார் என்று படித்தேன். உண்மையா? என் வீட்டிலும் இதே பிரச்சினை.
— ஒரு தாய், ஈப்போ

உண்மைதான் அம்மா. 1577-இல் பெரிகிரினுக்கு 21 வயது. மேரி டி வியர் என்ற பெண்ணிடம் மனம் போய்விட்டது. இனித் திரும்ப முடியாத தூரம் போய்விட்டானோ என்று பயப்படுகிறேன் என்று கேத்தரின் அதே செசிலுக்கு எழுதினார். செசில் அப்போது பர்லி பிரபு. பயத்துக்குக் காரணம் பெண் அல்ல, பெண்ணின் அண்ணன், ஆக்ஸ்ஃபோர்ட் பிரபு எட்வர்ட் டி வியர். அவர் பர்லியின் மகள் ஆன் என்பவரைக் கட்டி, பிறந்த பெண்குழந்தை தம்முடையதுதானா என்று சந்தேகித்து, மனைவியை விட்டு ஒதுங்கியிருந்தார். அண்ணனைப் போலத் தங்கையும் இருந்தால், ஒரு சாம்ராஜ்யமே சீதனமாக வந்தாலும் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றார் கேத்தரின். கணவர் பெர்ட்டியின் மனம் நோகும் என்ற கவலையும் இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மகனை அறையில் பூட்டவில்லை. வேறு பெண் பார்த்து அவசரமாக முடிக்கவும் இல்லை. அந்தப் பெண்ணை நேரில் அழைத்துப் பேசினார். அந்த டிசம்பரில் இருவரும் சேர்ந்து ஒரு திட்டமும் போட்டார்கள்: ஒதுக்கி வைத்த குழந்தையை யாரோ சிநேகிதியின் பிள்ளை என்று சொல்லி ஆக்ஸ்ஃபோர்ட் பிரபு இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, அவர் மனம் இளகுகிறதா என்று பார்ப்பது. வேண்டாம் என்று நினைத்த மருமகளோடு சேர்ந்து, அவள் அண்ணன் குடும்பத்தைச் சேர்த்துவைக்கப் பார்க்கிறார் மாமியார். அந்தப் பெண்ணின் குணத்தை அந்த நாட்களில்தான் அருகிலிருந்து பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1578 தொடக்கத்துக்குள் திருமணம் நடந்துவிட்டது. கேத்தரின் 1580 செப்டம்பர் 19-இல் இறந்தார். வில்லோபி பட்டம் அவர் சொந்த உரிமையில் வைத்திருந்தது. ஆகவே கணவருக்குப் போகாமல் நேராகப் பெரிகிரினுக்கு வந்தது. பெரிகிரினுக்கும் மேரிக்கும் ஐந்து மகன்கள், ஒரு மகள். மூத்தவன் ராபர்ட் பிற்காலத்தில் லிண்ட்சே பிரபுவாகி, 1642-இல் எட்ஜ்ஹில் போர்க்களத்தில் மன்னர் பக்கம் நின்று போரிட்டு, அங்கே பட்ட காயத்தால் இறந்தான். கேத்தரினையும் பெர்ட்டியையும் லிங்கன்ஷரில் ஸ்பில்ஸ்பி ஊர் தேவாலயத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு நான் நியாயம் சொல்ல முடியாது, அம்மா. அந்தப் பெண்ணை ஒருமுறை வீட்டுக்கு அழைத்து, நீங்கள் மட்டும் உட்கார்ந்து பேசிப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த மாதத்துக்கு: நான்கு முறை மணமுடித்து, ஒவ்வொரு முறையும் முன்பைவிடச் செல்வந்தரான ஹார்ட்விக் பெஸ் பற்றி சிரம்பானிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய கதையை அடுத்த இதழில் எழுதுகிறேன். கேள்விகளைத் தெளிவான கையெழுத்தில், ஊர்ப் பெயரோடு அனுப்புங்கள்.